சேர்ந்தால் கேட்காத குரல்

1

"ஏண்டி, ஒரு காதுல கேக்குறதையும் இன்னொரு காதுல கேக்குறதையும் ஒண்ணாச் சேர்த்தா, ஒண்ணுமே கேக்காமப் போகுமா?"

அக்கா இப்படிக் கேட்டபோது நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேள்வி கேட்டு நாளாகிறது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். அதனால் திகைத்துப்போய், "தெரியலக்கா" என்றேன்.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள். "நான் கத்துறது உங்க ரெண்டு பேரு காதுலயும் விழுது. ஆனா வீட்டுல ஒரு வேலையும் நடக்குறதில்ல. அதைச் சொல்றியா?"

அக்கா சிரிக்கவில்லை. அம்மாவின் குத்தலுக்கு முதலில் சிரிப்பவள் எப்போதும் அவள்தான்.

கதை பிறந்தது அந்த இடத்தில். இதில் வரும் பெரியவரை நான் பார்த்ததில்லை. அவருடைய மகளையும் பார்த்ததில்லை. அக்கா சொன்னது பாதி; அவள் சொல்லாமல் விட்ட பள்ளங்களில் நான் மண் போட்டு நிரவியது பாதி. எது எதுவென்று முடிந்தவரை காட்டிவிடுகிறேன். சில இடங்களில் எனக்கே குழம்பிவிட்டது.

2

அக்கா வேலை பார்ப்பது ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில். படம் ஓடும், சத்தம் வராது. சத்தம் வரும், படம் கறுப்பாக நிற்கும். உதடு முன்னால் போய்விடும், பேச்சு பின்னால் நொண்டிக்கொண்டு வரும். இந்த வகைக் கோளாறெல்லாம் அவள் மேஜைக்குத்தான் போகும். எந்நேரமும் தலையில் ஹெட்போன் இருப்பதால் அந்தத் தெருவுக்கே அவள் "ஹெட்போன் அக்கா".

கடைக்குப் பக்கத்தில் இரும்பு அறுக்கிற பட்டறை. எதிரே பஸ் திரும்பும் முனை. அந்த இரைச்சலில் ஒரு போனைக் காதில் வைத்துக் கேட்டு எதையும் தீர்மானிக்க முடியாது. ஆகவே அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள். ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, வீடியோவின் முதல் சில நொடிகளைப் போனிலேயே ஓடவிடுவாள். பிறகு ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஹெட்போனில் கேட்பாள். பேச்சு வந்துவிட்டது என்று தெரிந்ததுமே ஹெட்போனைக் கழற்றிவிடுவாள்.

"அடுத்தவங்க வீட்டுப் பேச்சுடி. சத்தம் வருதான்னு பாக்குறதுதான் என் வேலை. என்ன பேசுறாங்கன்னு பாக்குறது இல்ல" என்பாள்.

[இந்த முறையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பின்னால் உங்களுக்கு அக்காமேல் கோபம் வரலாம். வருவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.]

3

தொடக்கம் சரியாக வரவில்லை. அடித்ததை அப்படியே விட்டிருக்கிறேன்.

"அன்று விடாத மழை. நனைந்த சட்டையோடு ஒரு பெரியவர்—"

(அக்காவிடம் கேட்டேன். "மழையா? மண்டையைப் பிளக்குற வெயில்டி" என்றாள்.)

"பஸ் டிரைவரான அவர் தயங்கியபடி—"

(டிரைவர் வேண்டாம். காது மந்தமான டிரைவர் என்று எழுதினால் நீங்கள் அவரை விட்டுவிட்டு பஸ்ஸில் இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவீர்கள்.)

அவருடைய நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது என்று அக்கா சொன்னாள். அதை வைத்து அவரை மோட்டார் பட்டறைக்காரர் ஆக்கினேன். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டே "இது தேறும், இது தேறாது" என்று சொல்லுகிற வேலை. காது போய்விட்டது என்று தெரிந்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டுமே தெரியும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இனி நடந்தது.

அவர் போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, "இதுல சத்தம் ஒழுங்கா வருதான்னு பாரும்மா" என்றார்.

"என்ன பண்ணுது சார்?"

"போன மாசந்தான் வாங்கினேன்."

அக்கா கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறு. கடையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் அவளுக்கு உறைக்கவில்லை. வீடியோவை ஓடவிட்டாள். ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தின் சின்னம் சுழன்று வந்து நின்றது. கூடவே துள்ளலாக ஒரு இசை. பட்டறை இரைச்சலையும் மீறி அது கேட்டது. நிறுத்தினாள்.

"ஸ்பீக்கர் நல்லா இருக்கு சார்."

ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இசை முடிந்து ஒரு பெண்ணின் முகம் வந்தது. "அப்பா, நான்தான் பேசுறேன்" என்று ஹெட்போனில் குரல் வந்தது. திரையின் ஓரத்தில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு பச்சைக் கோடுகளும் எகிறின. அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"சத்தம் பிரமாதமா வருது சார்."

அவர் அவள் உதட்டையே பார்த்தார். "அந்தப் பொண்ணு பேசுறது?"

"அதைத்தான் சார் சொல்றேன். கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கு."

"உனக்குக் கேக்குது?"

"நல்லாக் கேக்குது. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்களேன்." ஹெட்போனை நீட்டினாள்.

கொதிக்கிற பாத்திரத்தை நீட்டியதுபோல அவர் ஓரடி பின்வாங்கினார். "வேணாம், வேணாம். நீ சொன்னாச் சரிதான்."

[இந்த இடத்தில் அவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொள்வதாக ஒருமுறை எழுதினேன். மகள் குரல் கேட்கிறது, கண் கலங்குகிறார், கதை முடிந்தது. எழுதி முடித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர் மாட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

வேலை ஒன்றும் நடக்காததால் ரசீது போடவில்லை. ரசீது போடாததால் அவருடைய பெயரோ நம்பரோ கடையில் இல்லை.

4

இந்தப் பகுதி முழுக்க என் கற்பனை. அவருக்குள் நுழைந்து பார்க்கிறேன்.

"முதல்ல மனுஷப் பேச்சுதான் போகும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மோட்டார், கதவு, ஹாரன் எல்லாம் ரொம்ப நாளைக்குக் கேக்கும். பேச்சுதான் குழைஞ்சு குழைஞ்சு ஒருநாள் இல்லாமப் போயிடும்."

மூன்று வருஷமாகப் பேசாத மகளிடமிருந்து வீடியோ வந்தது. கீழே ஒரே ஒரு வரி: "அப்பா, கேளுங்க." அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிட்டார். இசை கேட்டது. நன்றாகவே கேட்டது. பிறகு மகள் வாயைத் திறந்தாள். ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டினார். மறுபடி முதலிலிருந்து வைத்தார். இசை காதை அடைத்தது. மகளின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

டாக்டர் சொன்னதற்கு இம்மி பிசகவில்லை. அந்த நாள் வந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

யாரையாவது கூப்பிட்டு "உனக்குக் கேக்குதா?" என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் தன் காது கேட்காதது வெளியே வந்துவிடும். மகளுக்கே "எனக்குக் கேக்கலம்மா" என்று எழுதியிருக்கலாம். அதற்கும் அதே கதிதான். கடைசியில் தெரியாத தெருவில், தெரியாத கடைக்குப் போனார். மற்றவர்கள் தங்கள் போனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வருவார்கள். இவர் ஒருவர்தான் போன் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவர்.

என் அக்கா அவரிடம் உண்மையைச் சொன்னாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது என்றாள்.

5

சாயங்காலம் கடை அடைக்கும் முன், வாடிக்கையாளர்களின் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் அக்கா கிளம்புவாள். ஹெட்போன் வயரைச் சுற்றி வைத்தாயிற்று. அழிக்கப் போன இடத்தில் கை தவறி அந்த வீடியோ திறந்துகொண்டது. மேஜையில் ஒற்றை ஸ்பீக்கர்தான் உண்டு. ஜோடி எப்போதோ செத்துப்போய், இரண்டு பக்கச் சத்தமும் சேர்ந்து அந்த ஒன்றிலேயே வரும்படி அவள்தான் மாற்றி வைத்திருந்தாள். இசை வந்தது. முகம் வந்தது. வாய் அசைந்தது.

குரல் இல்லை.

ஹெட்போனைச் செருகினாள், குரல் வந்தது. பிடுங்கினாள், போனது. மறுபடி செருகினாள். மறுபடி பிடுங்கினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அவள் விளக்கிய விதம் இது. கம்ப்யூட்டருக்குப் பொருந்தாத வயரில் பெரிய மைக்கைச் செருகினால், ஒரே குரல் இடப்பக்கத்தில் நேராகவும் வலப்பக்கத்தில் தலைகீழாகவும் பதிவாகும். தனித்தனிக் காதில் கேட்டால் இரண்டும் குரல்தான். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பெரியவரின் போனிலும் ஸ்பீக்கர் ஒன்றுதான். ஒரு கதவை உள்ளேயிருந்து ஒருவரும் வெளியேயிருந்து ஒருவரும் ஒரே பலத்தில் தள்ளினால் கதவு அசையாது. கதவை மட்டும் பார்க்கிறவர் அதை யாருமே தள்ளவில்லை என்று நினைப்பார். இசை மட்டும் பயிற்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் தானே சேர்த்தது. அது மைக் வழியாக வராததால் தப்பித்தது.

அப்போது அக்கா தன் முறையை மீறினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். கேட்டதை எனக்கு அப்படியே சொன்னாள்.

"அப்பா, நான்தான் பேசுறேன். உங்களுக்குக் காது முன்ன மாதிரி இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்க மறைச்சாலும் தெரியும். அதான் எங்க ஆபீஸ்ல பாடம் எடுக்குற பெரிய மைக்குல பேசுறேன். அம்மாவுக்கு முடியலங்கறத என்கிட்ட மறைச்சீங்க. அந்தக் கோவத்துல உங்களை என்னென்னமோ பேசிட்டேன். இப்ப ரொம்ப தூரத்துல வேலை கிடைச்சுருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெரிய பஸ் ஸ்டாண்டுலேருந்து கிளம்புறேன். நீங்க வந்து நின்னாப் போதும், ஒண்ணும் பேச வேணாம். வரலைன்னா, உங்களுக்கு இன்னும் மனசு ஆறலைன்னு எடுத்துக்குறேன். அதுக்கப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்ப்பா."

இதைச் சொல்லிவிட்டுத்தான் அக்கா என்னிடம் காதுக் கேள்வியைக் கேட்டாள். (இல்லை. கேள்வியை முதலில் கேட்டாள், இதைப் பிறகு சொன்னாள். கதைக்காக வரிசையை மாற்றப் பார்த்தேன்.)

6

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. வலப்பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இடப்பக்கக் குரலை மட்டும் வைத்து வீடியோவைச் சரிசெய்தாள் அக்கா. சரிசெய்ததைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நகக்கண்ணில் பார்த்த கிரீஸை நம்பி, மோட்டார் பட்டறைத் தெருவில் போய் விசாரித்தாள்.

"காது கொஞ்சம் மந்தமா, வயசானவர் ஒருத்தர் இங்க வேலை பாக்குறாரா?"

"காது கேக்காத ஆளை வச்சுக்கிட்டு மோட்டார் டெஸ்ட் பண்ண முடியுமாக்கா? இங்க எல்லாருக்கும் பாம்புச் செவி. நீங்க தெருமுனையில வரும்போதே செருப்புச் சத்தம் கேட்டுச்சு" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அடையாளம் சொல்ல அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை அவர் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்.

சின்னத்தை வைத்துப் பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டு, தூரத்து ஊருக்கு வேலைக்குப் போகிற பெண்ணைப் பற்றிக் கேட்டாள். "அவங்க வேலையை விட்டு நின்னுட்டாங்க மேடம். நம்பரெல்லாம் குடுக்கக் கூடாது. நீங்க அட்மிஷன் விஷயமாக் கேக்குறீங்களா?" என்று பதில் வந்தது.

[வாசகருக்கு: அவர் திரும்பக் கடைக்கு வருவார் என்று நானும் எதிர்பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்ட கடைக்கு ஒருவர் எதற்குத் திரும்ப வருவார்?]

"நான் சத்தம் வருதாங்கறது ஒண்ணத்தான் பார்த்தேன். ஆளைப் பாக்கல" என்றாள் அக்கா ஒருமுறை. அந்த வாக்கியத்தை அப்படியே இங்கே வைக்கிறேன்.

7

ஞாயிற்றுக்கிழமை மதியமே அக்கா பெரிய பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். மகளின் முகம் அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் தேடிப் பிடித்து, "உங்கப்பாவுக்குக் கோவமில்ல, உங்க குரல் அவருக்குப் போய்ச் சேரல" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். "நீயும் வாடி" என்றாள். நான் போகவில்லை. அத்தனை பேர் நிற்கிற இடத்துக்கு என்னால் போக முடியாது. வீட்டில் உட்கார்ந்து முடிவுகளை எழுதினேன்.

அ. அக்கா மகளைக் கண்டுபிடிக்கிறாள். மகள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போடுகிறாள். அப்பா பட்டறைச் சட்டையோடு ஓடி வருகிறார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அந்தச் சத்தம் அவருக்குக் கே—

(வெட்கமாக இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.)

ஆ. பஸ் போய்விட்டது. மகள் உட்கார்ந்திருந்த பெஞ்சு காலி. அக்கா அங்கே உட்கார்ந்து, சரிசெய்த வீடியோவைத் தன் போனில் ஓடவிடுகிறாள். குரல் தெளிவாகக் கேட்கிறது.

(இது நன்றாக வந்திருக்கிறது. நன்றாக வந்திருப்பதாலேயே பயமாகவும் இருக்கிறது. கதை அழகாக முடிய வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைப் பஸ் ஏற்றி அனுப்ப எனக்கு என்ன உரிமை?)

இ. மகளைப் பார்த்து அக்கா எல்லாவற்றையும் சொல்கிறாள். மகள் நம்பவில்லை. "எங்கப்பா அனுப்பினாரா உங்களை? தான் வராம, கதை சொல்ல ஒரு ஆளையா அனுப்பினாரு?" என்கிறாள்.

இதற்குமேல் ஓடவில்லை. மூன்றில் எது நடந்திருந்தாலும் அக்கா வந்து சொல்லத்தான் போகிறாள். மற்ற இரண்டையும் அடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை, மூன்றும் மேலே அப்படியே இருக்கின்றன. நான்காவதாக உங்களிடம் ஒன்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்குக் கீழே உள்ள பகுதி.

8

விளக்குப் போடும் நேரத்துக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். முகத்தில் அழுத அடையாளம் இல்லை, சந்தோஷமும் இல்லை. தலைமுடியில் பஸ் ஸ்டாண்டுத் தூசி. அம்மா, "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள். அக்கா என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் சொல்லத்தான் உட்கார்ந்தாள். வாய் திறந்ததை நான் பார்த்தேன்.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை என்றால் "என்னாச்சுக்கா?" என்று கேட்டிருக்கலாம், அந்தப் பெண்ணைப் பார்த்தாயா, அந்தப் பெரியவர் வந்தாரா என்று கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"முடிவு என்னக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என் விரலில் இருந்த மையைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். எழுந்து, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டாள்.