மூன்றாவது மரம்

கணினி விளையாட்டுகளுக்கு இசையமைப்பது என் வேலை. இந்த விளையாட்டு நடப்பது ஒரு மாய உலகத்தில். அங்கே வசந்தம் வரும்போது பள்ளத்தாக்கில் ஏழு மரங்கள் பூக்க வேண்டும். மெட்டின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு மரம். அடியின் முதல் சுரம் கேட்டதும் மொட்டு விரியும்.

மெட்டை என் மனைவியைப் பாடச் சொல்லி மாதிரிக்குப் பதிவு செய்திருந்தேன். சமைத்துக்கொண்டே பாடினாள். பிறகு குரலை எடுத்துவிட்டுப் புல்லாங்குழலை வைப்பதாகத் திட்டம். அதற்குள் அவள் இறந்துபோனாள். ஐந்து மாதங்களாக அந்தப் பதிவை நான் திறக்கவில்லை. இன்று மாலைக்குள் இசையைக் கொடுக்காவிட்டால் நிறுவனம் வேறு ஒருவருடைய மெட்டைப் போட்டுக்கொள்ளும்.

புல்லாங்குழல்காரர் காலையிலேயே வந்தார். தாளில் நான் எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் வாசித்தார். திரையில் ஏழு மரங்களும் ஒரே இடைவெளியில் வரிசையாகப் பூத்தன.

தேநீர் கொண்டுவந்த அத்தை கதவருகில் நின்று பார்த்தார். என் மனைவியின் அம்மா. என்னோடுதான் இருக்கிறார்.

"என்ன மாப்ள, பூ பூக்குதா, டிரில் எடுக்குதா?"

புல்லாங்குழல்காரர் சிரித்தார். "எழுதினதத்தாம்மா வாசிச்சேன். தப்பு உங்க மாப்பிள்ளையோடது."

"அவ பாடினது இருக்குமே. அதப் போடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போன் பண்ணினப்பதானே பாடிட்டிருந்தா. 'அப்புறம் கூப்பிடும்மா, இவர் என்னைப் பாட வெச்சிருக்கார்'னு ஒரே பெருமை."

"வேண்டாம் அத்தை."

"வேண்டாம்னா நீங்க காதப் பொத்திக்குங்க. எனக்கு வேணும்."

போட்டேன். அவள் குரல் வந்தது. முதல் மரம் பூத்தது, இரண்டாவதும் பூத்தது. மூன்றாவதற்கு முன் குரல் நின்றது. 'இருங்க, பால் பொங்குது.' பாத்திரம் நகரும் சத்தம். மரம் மொட்டோடு நின்றது. நான்கு விநாடிகள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அவள் அடுத்த அடியைப் பிடித்தாள். மரம் முழுக்கப் பூத்தது.

"பொறந்ததே ரெண்டு வாரம் லேட்டு" என்றார் அத்தை. "கல்யாணத்தன்னிக்கும் உங்கள நிக்க வெச்சாளே."

"முக்கால் மணி நேரம்."

சொன்னது நான்தான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

புல்லாங்குழல்காரர் குழலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த மூணாவது மரத்துக்கு நானும் காத்திருக்கட்டுமா?"

தலையசைத்தேன். காத்திருந்து வாசித்தார். அனுப்பினோம்.

மாலையில் நிறுவனத்திலிருந்து மேலாளர் அழைத்தார். "மூணாவது மரத்துக்கிட்ட மியூசிக் நின்னுடுதே. வெட்டிடவா?"

"வேண்டாம் சார். அந்த மரம் அப்படித்தான். கொஞ்சம் நிக்கணும்."

விளையாடிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இரண்டு முறை. "சரி, இருக்கட்டும்" என்றார்.

புல்லாங்குழல்காரர் போன பிறகு அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ பாடினத இன்னொரு தடவ போடுங்க மாப்ள."

போட்டேன். 'பால் பொங்குது' என்றதும் அத்தை சட்டென்று எழுந்து சமையலறைக்கு ஓடினார். அங்கே அடுப்பில் எதுவும் இல்லை.