மிச்சக் களி

மைசூரில் கோபிநத்தத்துக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் நாற்பது வருடமாக ஒரு சாவும் விழாமலிருந்தது. பக்கத்தில் பாடை கட்டிப் பிழைத்தவர் வேறு பேட்டைக்குப் போய்விட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்து, ராகிக் களியும் கீரையும் நடையும்தான் காரணம் என்றார்கள். தெருக்காரர்களும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். களி தின்கிறவர்கள் மைசூர் முழுக்கச் சாகத்தானே செய்கிறார்கள்! விஷயம் வேறு. இவர்கள் எந்த வேளையும் தட்டைக் காலி செய்வதில்லை. கடைசியில் நெல்லிக்காய் அளவு களியை ஒதுக்கிவிட்டு, கால் வயிற்றுப் பசியோடு எழுந்துவிடுவார்கள். சாவு வராமல் என்ன? வெயில் தாழ்ந்ததும் வீடு வீடாக எட்டிப் பார்க்கும். தட்டில் மிச்சம் இருந்தால், சாப்பிடுகிற ஆளை எழுப்பக் கூசிப் போய்விடும். நாய்கூட அதைப் பார்த்துக் குரைப்பதில்லை.

அந்தத் தெருக்காரர் கெம்பையனின் மனைவி மட்டும், ஊரில் இருந்த காலத்திலேயே, தட்டை வழித்துச் சாப்பிட்டு இளவயதில் போய்விட்டாள். அந்தப் பயத்தில், பால்குடி மறந்த மகள் ஜோதிமணிக்கு அவர் முதலில் பழக்கியதே மிச்சம் வைக்கத்தான். பேச்சு பிறகுதான் வந்தது. ஜோதிமணி மைசூரில் கல் சுமந்தாள், ஊதுபத்தி உருட்டினாள், தொண்ணூறு வயதில் இடுப்பு முறிந்து கட்டிலில் விழுந்தாள். முதுகுப் புண் வருடக்கணக்கில் ஆறவில்லை. புரட்டிப் படுக்கவைக்கும்போது அவள் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். பெற்றவருக்கு அதைக் கேட்டுக்கொண்டு உயிரோடிருப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

"போதுமுங்கப்பா. இன்னைக்கு மிச்சம் வெக்காம ஊட்டி உட்ருங்க."

"களி சுடுது கண்ணு. ஆறட்டும்."

ஆறிக் கெட்டியாகிப்போன களியைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்வார். போன மாசியில் ஒரு சாயங்காலம் அவளுக்குக் கேட்கத் தெம்பில்லை. வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள். கெம்பையன் கடைசி உருண்டையைக் கீரைச்சாற்றில் தோய்த்து ஊட்டினார். அவள் விழுங்கும்வரை தாடையைத் தடவிக்கொடுத்தார். சாவு வந்தது, பழக்கதோஷத்தில் வாசலோடு திரும்பப் பார்த்தது. "உள்ள வாங்க" என்று அவரே கூப்பிட்டு, கட்டிலோரம் நகர்ந்து இடம் விட்டார்.

தெருவில் யாருக்கும் ஒப்பாரி வராததால் ராமாபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து அழுதார்கள். காரியம் முடிந்த அன்று, தட்டைக் காலி செய்துவிடுவது என்றுதான் கெம்பையன் உட்கார்ந்தார். கை கடைசி உருண்டைவரை போய் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் வாய்க்கு வரவில்லை. வாசலில் நின்றிருந்த சாவு சற்றுநேரம் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. அவர் எழுந்து கை கழுவினார். வருகிற ஆடியில் அவருக்கு நூற்றிருபது முடிகிறது.