பத்தாவது சாவுக்கு வராத சிரிப்பு

ஸ்காட்லாந்து நடிகர் ஹேமிஷ் ராத்ரே தமிழில் பேசினால் அது ஸ்ரீவத்ஸின் குரல். மைசூர் சரஸ்வதிபுரத்து வீட்டில், ஒரு சின்ன அறையில் சுற்றிலும் கம்பளி தொங்கவிட்டு, பதினாலு வருஷமாக அந்த மனிதருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தான். ராத்ரே தொலைக்காட்சித் தொடரில் இன்ஸ்பெக்டராக ஆரம்பித்துச் சினிமாவுக்குப் போனவர். போன இடத்தில் என்ன சாபமோ, ஒரு படத்திலாவது மனுஷனைக் கடைசிவரை உயிரோடு விடவேண்டுமே! குத்து, குண்டு, விஷம் என்று ஒன்பது சாவு. ஒன்பதையும் தமிழில் செத்தது ஸ்ரீவத்ஸ்தான்.

அவன் தொழில் பழகிய சென்னை ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சி பேசி முடித்ததும் மைக்கில் ஒருதரம் வாய்விட்டுச் சிரித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். சாவு நடிப்போடு போகட்டும் என்றுதான். மைசூருக்கு வந்த பிறகும் ஸ்ரீவத்ஸ் அதை விடவில்லை. அவன் சிரித்தால் கடைசியில் ஒரு விக்கல் வரும். அதை அப்புறம் வெட்டி எறிந்துவிடுவார்கள்.

பத்தாவது சாவு வந்தபோது அவன் அப்பா பரமபதித்து ஐந்தாம் நாள். படம் வெளியாகும் தேதியோ கழுத்தைப் பிடித்தது. கூடம் நிறைய உறவுக்காரர்கள். அறைக்குள் புகுந்து ராத்ரேயைச் சாகடித்தான். சிரிக்க வாயையும் திறந்தான். துக்க வீட்டில் சிரிப்பா? விழுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அதிலிருந்து நாலாம் நாள், ராத்ரே தூக்கத்திலேயே இறந்துபோனதாகச் செய்தி வந்தது.

"எழுபத்தொம்போது வயசு அவருக்கு. நீங்க சிரிக்காததாலயா போனார்? அசடாட்டம் பேசாதீங்கோ," என்றாள் மனைவி யதுகிரி.

அவனும் அப்படித்தான் மனசைத் தேற்றி வைத்திருந்தான், இன்று காலை வரை.

காலையில் டப்பிங்குக்கு வந்தது ராத்ரேயின் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம். சாவதற்கு மூன்று நாள் முன்பு எடுத்த பேட்டி. "ஸ்டார்ட் மாடி சார், ஆரம்பிங்க," என்றாள் போனில் மேகனா, பெங்களூரிலிருந்து வேலை வாங்குகிறவள்.

தாளைப் பார்த்துப் பேசினான். "ஒவ்வொரு படத்துலயும் நான் செத்த பிறகு, சில மாசம் கழிச்சு, ஒரு ஆள் சிரிப்பான். பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்க. சிரிச்சு முடிக்கும்போது ஒரு விக்கல். ஒன்பது தரம் கேட்டிருக்கேன். அதைக் கேட்டாத்தான் எனக்கு நெஞ்சுல பாரம் இறங்கும்."

ஸ்ரீவத்ஸ் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். திரையில் கிழவர் ஒரு பக்கமாகக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். ஹெட்போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"இந்தத் தரம் இன்னும் வரலை," என்றார். அதையும் ஸ்ரீவத்ஸ்தான் சொல்லவேண்டியிருந்தது.

"குரல் நடுங்குது சார். சென்னாகிதே, நல்லாத்தான் இருக்கு, அப்படியே இருக்கட்டும்," என்றாள் மேகனா.

ஐயோ, நான்தானே கொன்றுவிட்டேன்! அடுத்த தாளைப் புரட்டவே கை வரவில்லை. கிழவர் சபிக்கத்தான் போகிறார், அந்தச் சாபத்தையும் என் வாயாலேயே சொல்லவைக்கப் போகிறார் என்று நினைத்தான்.

"அந்தச் சிரிப்பு வராமலே போயிட்டா?" என்று கேட்டாள் பேட்டி எடுத்தவள்.

ராத்ரே கேமராவை நேருக்கு நேர் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. ஸ்ரீவத்ஸ் அந்த உதட்டோடு சேர்ந்து பேசினான்:

"பாவம், அவன் வீட்டுல ஏதோ துக்கம் போலிருக்கு. அவனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."