வீட்டோடு இருந்த மூன்று மாதம்

குடியிருப்பில் அவருக்கு சூட்கேஸ் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது, "சூட்கேஸ் கிளம்பிருச்சு" என்று கீழ் வீட்டில் யாராவது சொல்வது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. தப்பு சொல்ல முடியாது. மாதத்தில் இருபத்திரண்டு நாள் அவர் வீட்டில் இருப்பதில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மூத்த மெக்கானிக். ஏதோ ஓர் ஊரில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, அங்கே இருக்கிற ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள் என்றால் அவருக்குத்தான் போன் வரும். பதினெட்டு வருஷமாக இதே கதை. இத்தனைக்கும் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடிக்கு எல்லோரையும் போல மூச்சு வாங்கத்தான் ஏறுவார்.

அவரைப் பார்த்தால் எல்லோருக்கும் பாவமாக இருக்கும். முக்கியமாக அவருடைய அக்காவுக்கு. குடும்பத்தில் யார் கூடினாலும் அக்கா உச்சுக் கொட்டித் தொடங்கிவிடுவாள்: தம்பி ஓட்டல் சாப்பாட்டில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான், நேரத்துக்குத் தூக்கமில்லை, பெற்ற பிள்ளையின் முகம் பார்க்க நேரமில்லை. அவரும் மறுக்கமாட்டார். பெருமூச்சு ஒன்று விட்டு, "என்னக்கா பண்றது, பொழப்பு" என்பார். அந்தப் பெருமூச்சு பதினெட்டு வருஷப் பழக்கத்தில் நல்ல பதத்துக்கு வந்திருந்தது.

உண்மையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. லாட்ஜ் அறைகள் அவருக்குப் பிடிக்கும். உறை மாதிரி மடித்துச் செருகிய வெள்ளை விரிப்பு, யாரும் கதவைத் தட்டாத குளியலறை, எங்கே போகிறாய் என்று கேட்காத வரவேற்பாளர். அதைவிடப் பிடித்தது, போய் இறங்குகிற கணம். ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுபோய், நோயாளிகளைப் படிவழியே தூக்கிக்கொண்டு அல்லாடுவார்கள். இவர் கருவிப் பையோடு உள்ளே நுழைந்ததும் தலைமை டாக்டரே எழுந்து வருவார். மொட்டை மாடியில் மோட்டார் அறையைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, பழுதான ஒரு ரிலே சுவிட்சை மாற்றிவிட்டு, "இப்ப போட்டுப் பாருங்க" என்பார். லிஃப்ட் ஏறும். கீழே நிற்கிறவர்கள் முகத்தில் தெரிகிற அந்த நிம்மதிக்காக அவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பஸ் ஏறுவார். வீட்டிலோ அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

இழப்பு இல்லாமலும் இல்லை. போன வருஷம் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அந்தத் தடவை தொடர்ந்து ஆறு வாரம் வெளியூரில் இருந்த அவருக்குச் செய்தி வந்தது மாவுக்கட்டை வெட்டி எடுத்த பிறகு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மனைவி, "அங்கருந்து நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அவருக்குச் சுருக்கென்றது. கூடவே, இரண்டு நாள் பஸ்ஸில் பதறிக்கொண்டு வராமல் தப்பித்தோமே என்றும் இருந்தது. அப்படி இருந்ததே என்றுதான் அதிகம் வெட்கப்பட்டார்.

அப்படியிருக்க, ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டு, இனிமேல் அலையவேண்டாம், தலைமை அலுவலகத்திலேயே மேற்பார்வை வேலை, நாற்காலி மேஜை தருகிறோம் என்றார். வெளியூர் ஆட்களுக்கு போனிலேயே வழி சொன்னால் போதுமாம். அவர் மனசு லாட்ஜ் அறைகளுக்குப் போயிற்று. ஆனால் பதினெட்டு வருஷம் பெருமூச்சு விட்ட மனிதன் என்ன காரணம் சொல்லி மறுப்பது? "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். வீட்டில் வந்து சொன்னபோது மனைவி கையிலிருந்த விடைத்தாளைத் திருத்தி முடித்தாள். பிறகு, "நல்லதாப் போச்சு" என்றாள். அக்கா போனிலேயே அழுதாள், ஆனந்தத்தில்.

முதல் வாரம் மாப்பிள்ளை உபசாரம். இரண்டாம் வாரம் அவர் வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தார். சொட்டுகிற குழாயை அடைத்தார், இடிக்கிற கதவை இழைத்தார், ஆடுகிற மின்விசிறியைச் சமன் செய்தார். பத்து நாளில் வீட்டில் பழுதென்று எதுவும் மிச்சமில்லை. வேலை தீர்ந்துவிட்ட கை சும்மா இருக்குமா? சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டினார். மறுநாள் காலைக் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். டீச்சர் பேசாமல் இருந்தால் அது பாராட்டு இல்லை என்று அவருக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

எட்டாம் வகுப்பு மகளுக்கும் அவரால் இடைஞ்சல்தான். கூடத்து மேஜை இத்தனை வருஷமாக அவளுடையது. இப்போது அதில் அவருடைய வரைபடங்களும் போனும் கிடந்தன. மாலையானால் ஊரூராக இருக்கிற மெக்கானிக்குகளுக்கு உரத்த குரலில் கதவு சென்சார் பாடம் எடுப்பார். ஒரு மாலை அவள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்து நின்றாள். அவர் போனை வைத்ததும் கேட்டாள்.

"அப்பா, நீங்க எப்ப திரும்பிப் போவீங்க?"

கோபமில்லை, கிண்டலில்லை. வந்த விருந்தாளியிடம் ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மரியாதை. அவர் மேஜையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பால்கனியில் போய் நின்றார். போகத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் போ என்று இன்னொருவர் நினைப்பது வேறு விஷயமாக இருந்தது.

இதற்கு நடுவே அவர் அறியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. தினமும் ஏழு பத்துக்கு மகளைப் பள்ளிப் பேருந்து நிற்கும் இடம்வரை கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பாகியிருந்தது. முதல் மாதம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அந்நியர்கள் மாதிரி நடந்தார்கள். இரண்டாம் மாதம் அவள் தன் சிநேகிதியைப் பற்றி ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்காருகிறவள், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாளாம், காரணமும் சொல்லவில்லையாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வளர்ந்தது. இவருக்கும் சிநேகிதி மேல் கோபம் வந்தது, பிறகு இரக்கம் வந்தது. மாலையில் மனைவி விடைத்தாள் திருத்தும்போது தனக்குத்தானே சிரிப்பாள். பிள்ளைகள் எழுதிய அபத்தங்களை வாய்விட்டுப் படிப்பாள். பூஜ்யத்தை எதனால் வகுத்தாலும் வருத்தம்தான் வரும் என்று ஒரு பையன் எழுதியிருந்ததை அவள் சொன்ன அன்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இதெல்லாம் ஒரு கணக்கில் சேருகிறது என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. டப்பா விவகாரமும் மேஜை விவகாரமும்தான் மனசில் நின்றன.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒருநாள் அவர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். போனில் சொல்லி வேலை நடக்கவில்லை, நேரில் போனால்தான் சரிப்படும், கம்பெனி நலனுக்காக மறுபடியும் வெளியூர் போகத் தயார் என்று ஒப்பித்தார். மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

"நேத்து மத்தியானம் உங்க வீட்டம்மா வந்திருந்தாங்க."

"இங்கயா?"

"இதே நாற்காலிதான். அவருக்கு வெளிய போனாத்தான் கை ஓடும், எங்களுக்காக அவர் திறமையை முடக்கிப் போட வேண்டாம்னு சொன்னாங்க. இப்படி ஒரு சம்சாரம் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்."

அவர் மேலாளருக்கு ஒரு கும்பிடு போட்டார். என்ன பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தார். அந்தக் கம்பெனியில் யாரும் லிஃப்டில் ஏறுவதில்லை, உள்விவகாரம் தெரிந்தவர்கள். அவரும் படியில்தான் இறங்கினார். முதல் மாடி திரும்பும்போது காபியில் இருந்த உப்பு ஞாபகம் வந்தது. கீழ்த்தளத்துக்கு வந்து சேர்வதற்குள் பெரிய மனசு கரைந்து, விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது.

வீட்டில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கம்பெனி கட்டாயப்படுத்துகிறது என்று அவர் சொன்னார். அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்ன பண்றது" என்றாள். ஆனால் பெட்டி ஐந்தே நிமிஷத்தில் தயாராகியிருந்தது. பல் துலக்கும் பிரஷ் முதற்கொண்டு எதையும் மறக்கவில்லை.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். லாட்ஜ்காரர் அவரைக் கண்டதும், "எங்க சார் ஆளையே காணோம்" என்று பழைய அறையையே கொடுத்தார். துணிக்கடை ஒன்றில் நின்றுபோயிருந்த லிஃப்டை ஒரே மூச்சில் ஓடவைத்தார். விரிப்பு மொடமொடவென்று இருந்தது. வெந்நீர் தீரவே இல்லை.

மூன்றாம் நாள் காலை டீயை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றவர் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பத்து. இந்நேரம் மகள் படி இறங்கியிருப்பாள். அந்தச் சிநேகிதி பேசினாளா? திங்கட்கிழமை நானே போய்ப் பேசிவிடுவேன் என்று சொல்லியிருந்தாளே. இத்தனை வருஷம் இந்த ஜன்னல்களில் நின்றபோதெல்லாம் வீடு என்பது பொதுவாக ஒரு வீடு, அவ்வளவுதான். அங்கே ஏழு பத்துக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது, அதனால் எதை இழக்கிறோம் என்பதும் தெரியாது. இப்போது நிமிஷவாரியாகத் தெரிந்திருந்தது. டீ ஆறிப்போயிற்று. போனை எடுத்தார்.

"என்ன விஷயம்?" என்றாள் மனைவி. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

"ஒண்ணுமில்ல. வீட்டு ஞாபகமாவே இருக்கு."

"சரி சரி. எங்களுக்கும்தான். நானும் ஸ்கூலுக்குக் கிளம்பணும், வச்சிடறேன்."

இத்தனை வருஷமாக வெளியூரிலிருந்து தினம் ஒருமுறை அவர் சொல்லி வந்த வாசகம் அது. அவளும் தினம் அதே பதிலைத்தான் சொல்லி வந்தாள். இன்று அது நிஜம் என்பதை எப்படித் தெரியப்படுத்துவது என்று அவருக்கு விளங்கவில்லை. பொய்யாகவே சொல்லித் தேய்த்துவிட்ட சொல்லை விட்டால் வேறு சொல் அவரிடம் இல்லை.

அன்று மதியமே மேலாளருக்கு போன் செய்து, பயணத்தைப் பாதியாகக் குறைக்க வழியுண்டா என்று இழுத்தார். மேலாளர் சலித்துக்கொண்டார்.

"ஒரு நாள் அவங்க வராங்க, ஒரு நாள் நீங்க வரீங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? மொதல்ல பேசிட்டு வாங்க சார்."

சனிக்கிழமை, சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே அவர் ஊர் திரும்பினார். மதியம் மூன்று மணி. கதவைத் தன் சாவியால் திறந்து உள்ளே போனால், தாயும் மகளும் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரொட்டிப் பொட்டலம், ஜாம் பாட்டில், ஒரே கரண்டி. மடியில் கணினி, அதில் ஏதோ கொலைத் தொடர். அவரைக் கண்டதும் மனைவி, கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல் எழுந்தாள்.

"சொல்லாம வந்துட்டீங்களே. அரை மணி இருங்க, சாதம் வச்சிடறேன்."

"நான் ஊர்ல இல்லன்னா சனிக்கிழமை சமையல் கிடையாதா?"

"எட்டு வருஷமா கிடையாது" என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் வந்தால் மூன்று வகையாவது சமைக்கவேண்டும் என்று அவளும், அவள் சமைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடவேண்டும் என்று அவரும், இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கௌரவித்திருக்கிறார்கள். ஒரு ரொட்டியை எடுத்து ஜாம் தடவிக்கொண்டார். இரண்டாவது ரொட்டியில் பேச வாய் வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு லாட்ஜ் பிடிக்கும். ஆரம்பத்துலருந்தே."

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். விடை சரிதான், வழிமுறையைக் காட்டு என்பது போன்ற பார்வை.

"எனக்கும் நீங்க லாட்ஜ்ல இருக்கறது பிடிக்கும்" என்றாள்.

அவர் இன்னொரு ரொட்டிக்குக் கை நீட்டினார். பிறகு அவர், ஆனால் இந்தத் தடவை மூன்றாம் நாளே முடியவில்லை என்றார். ஏழு பத்தைப் பற்றிச் சொன்னார், விடைத்தாள் சிரிப்பைப் பற்றிச் சொன்னார். அவள் குனிந்து போர்வையில் விழுந்த ரொட்டித் துகள்களைப் பொறுக்கினாள். அவர் போன மறுநாள் ஒரு பையனின் அபத்தத்தை வாய்விட்டுப் படித்ததாகவும், எதிரே யாருமில்லை என்பது படித்து முடித்த பிறகுதான் உறைத்தது என்றும் சொன்னாள். அதற்காக முப்பது நாளும் வேண்டியதில்லை என்று உடனே சேர்த்துக்கொண்டாள்.

பேனாவும் காலண்டரும் வந்தன. மாதத்தில் பதினைந்து நாள் வீட்டில் என்றார் அவர். பன்னிரண்டே போதும் என்றாள் அவள். பரீட்சை வாரத்தில் அவர் வீட்டில் இருக்கக்கூடாது என்றாள். பரீட்சை வாரத்தில்தான் பேருந்து நிறுத்தத்துக்கு அவர் தேவை என்றார். டப்பாக்களின் எண்களைக் கிழித்துவிட சம்மதித்தார். மேஜையைத் தரமாட்டேன் என்று மகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அறிவித்தாள். அந்தச் சிநேகிதி பேசினாளா என்று அவர் கேட்டதற்கு, அது செவ்வாய்க்கிழமையே முடிந்துபோன விஷயம் என்றாள்.

இருவரும் குரலை உயர்த்திப் பதின்மூன்றரை நாளில் வந்து நின்றபோது தொடர் முடிந்திருந்தது. கொலைகாரன் யார் என்று மனைவி பதறிக் கேட்டாள். பார்த்தவள் மகள் ஒருத்திதான். அவள் கணினியை மூடிவிட்டு, ஜாம் பாட்டிலை எடுத்துக்கொண்டு, சொல்ல முடியாது என்று எழுந்து போய்விட்டாள்.