சிக்னல் வந்த மத்தியானம்

கைபேசி சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் வெண்டல் தன் எச்சில் கோப்பையை வைத்திருந்தான். புகையிலையை மென்று துப்பிய பழுப்பு நீர் அதில் பாதிவரை நின்றது. ஓரத்தில் வழிந்து அட்டையில் ஒரு வட்டமாக ஊறியும் இருந்தது. மார்லிஸ் கோப்பையின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, வீட்டுவண்டியின் படிக்குக் கீழே மணலில் வைத்தாள். உள்ளே வந்து கையைக் கழுவினாள். தொட்டித் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய இடம்தான் அது. ஆனாலும் இன்னொரு தடவை கழுவினாள்.

"அத ஏன் வெளிய வெச்ச? எறும்பு வரும்," என்றான் வெண்டல், சாய்நாற்காலியில் படுத்தபடி.

"எறும்புக்கும் மானம் இருக்கு. வராது."

அவன் சிரித்தான். அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. முப்பது வருஷமாக வீடு வீடாகக் கம்பளம் விற்றவன். கதவைச் சாத்தினாலும் சிரித்துக்கொண்டே நிற்கப் பழகிய முகம்.

மார்லிஸ் நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வீட்டை விற்றுவிட்டு இந்த நீளமான வண்டியை வாங்கியது வெண்டலின் யோசனை. ஓட்டுவது அவள் வேலை, பேசுவது அவன் வேலை. பேச்சுக்கும் அவனுக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. 'வெண்டலும் கேப்டனும்' என்ற பெயரில் இணையத்தில் படம் போட்டான். ஊர் ஊராகச் சுற்றும் வயதான தம்பதியின் இன்ப வாழ்க்கை. அதில் அவள்தான் கேப்டன். தினமும் காலையில் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, நெற்றியில் முத்தம் கொடுப்பான். படம் பிடித்து முடித்ததும் அந்தக் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கித் தானே குடித்துவிடுவான்.

குளிர்காலத்துக்கு அரிசோனாப் பாலைவனத்தில் நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் இவர்களைப் போலவே வந்து தங்கியவர்களின் வண்டிகள். குளிர் இல்லை, வாடகை இல்லை, சிக்னலும் இல்லை. கைபேசியில் ஒரே ஒரு கோடு வரும், பார்க்கும்போதே போய்விடும். அதனால் வெண்டல் தினமும் காலையில் சின்னக் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குக்குப் போய், அங்கிருந்து படத்தை ஏற்றிவிட்டு வருவான். அவசரமென்றால் கூப்பிடச் சொல்லி உறவுக்காரர்களுக்கெல்லாம் அவன் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மார்லிஸும் கூடப் போய்த் தன் தங்கை ஆர்டித்தோடு பேசுவாள். போன ஞாயிறு காரின் டயர் சரியில்லை என்றான். அதற்கு முந்தின ஞாயிறு அவள் எழுந்திருக்கும் முன்பே போய்விட்டான்.

"ஆர்டித் ஏதாவது சொன்னாளா?" என்று அவள் அன்றன்றைக்குக் கேட்டாள்.

"நல்லா இருக்கா. லீலண்டுதான் பேசினான். அங்க பனி பெய்யுதாம்."

பூஸ்டர் வாங்கியது நேரலைக்காக. சனிக்கிழமை மத்தியானம் முதல் நேரலை என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான். மாட்ட வேண்டிய அன்று அவனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

"நீ ஏறு கேப்டன். நான் கீழ நின்னு படம் புடிக்கிறேன்."

வண்டியின் பின்பக்க ஏணியில் ஏறினாள் மார்லிஸ். கூரையெல்லாம் பறவை எச்சம், வெயிலில் காய்ந்து சுண்ணாம்புபோல் ஒட்டியிருந்தது. அதில்தான் முழங்காலை ஊன்ற வேண்டியிருந்தது. பூஸ்டரோடு வந்த காகிதத்தைப் படித்து அவள் புரிந்துகொண்ட மட்டும் வேலை கடினமானதல்ல. கூரையில் ஓர் ஆண்டெனா, உள்ளே ஒரு குட்டி ஆண்டெனா, நடுவில் சிக்னலைப் பெருக்கும் பெட்டி. வெளியிலிருந்து உள்ளே கேபிளைக் கொண்டுபோகக் கூரையில் புதிதாக ஓட்டை போட அவளுக்கு மனமில்லை. மழை வந்தால் ஒழுகும். ஃப்ரிட்ஜின் சூடு வெளியேறுவதற்கு ஏற்கெனவே ஒரு துவாரம் உண்டு, அதன் வழியாக விடலாம் என்று மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள்.

மூடியைத் தூக்கியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மூத்திரமும் அழுகலும் சேர்ந்த நாற்றம். உள்ளே, கடித்துக் குதறிய பஞ்சும் காகிதமும் சேர்ந்த எலிக்கூடு. சுற்றிலும் கறுப்புப் புழுக்கை. தாய் எலி வயிறு வெடித்துச் செத்துக் கிடந்தது. அதன் அடியில் கண் திறக்காத ரோஜா நிறக் குஞ்சுகள் ஒன்றிரண்டு இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. இந்தத் துவாரத்தின் காற்றைத்தான் இத்தனை நாளாக மூச்சுவிட்டோமா என்று நினைத்தாள். கூரை விளிம்புக்குத் தவழ்ந்து வந்து எட்டி வாந்தியெடுத்தாள்.

கீழே வெண்டல் கைபேசியைத் தாழ்த்தவில்லை.

"என்ன இருக்கு? எலியா? அருமை. அதுல ஒண்ண எடுத்து மூஞ்சி பக்கத்துல வெச்சுக் காட்டு. ஜனங்க இதத்தான் விழுந்து விழுந்து பாப்பாங்க."

"மொதல்ல அத அணைச்சிட்டு கையுறை கொண்டா."

"ஒரு நிமிஷம். இன்னொரு தடவ எட்டிப் பாரு, வாயத் தொடச்சிக்காம."

கையுறை கொண்டுவந்தது பக்கத்து வேனில் தனியாக வாழும் ரெனேட்டா. லாரி ஓட்டிய பெண்பிள்ளை. முகமூடியும் ப்ளீச் பாட்டிலும் சேர்த்தே கொண்டுவந்து ஏணியில் பாதிவரை ஏறி நீட்டினாள்.

"எத்தன எலி?"

"குடும்பமே இருக்கு."

"ஈரமாக்கிட்டு அள்ளு. தூசிய மூச்சுல இழுத்துடாத, அது பொல்லாத நோய் குடுக்கும்." ரெனேட்டா திரும்பி வெண்டலைப் பார்த்தாள். "அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு?"

"ஒரு கைல கைபேசி. இன்னொண்ணு அதுக்குத் தாங்கு."

மார்லிஸ் ப்ளீச்சை ஊற்றி ஊறவைத்து, கூட்டைப் பிடி பிடியாக அள்ளிப் பையில் போட்டாள். ஒவ்வொரு பிடியிலும் ஏதோ ஒன்று கையுறைக்குள்ளே நசுங்குவதுபோல் இருந்தது. குஞ்சுகளை மட்டும் ஒரு காப்பி டப்பாவில் இட்டு ரெனேட்டாவிடம் கொடுத்து, தூரத்துப் புதரடியில் வைக்கச் சொன்னாள். பிழைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு ஆண்டெனாவைக் கூரையில் மாட்டி, துவாரத்துக்கு வலை கட்டி, கேபிளை இறக்கி, உள்ளே வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி இழுத்தாள். பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்கு மேலிருந்த அலமாரியில் திருகினாள். மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. வெளி ஆண்டெனாவும் உள் ஆண்டெனாவும் அருகருகே இருந்தால் ஒன்று சொல்வதை மற்றொன்று கேட்டுப் பெட்டி குழம்பிவிடும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. மறுபடி ஏறி, வெளி ஆண்டெனாவைக் கழற்றி, வண்டியின் பின்கோடியில் ஏணிக்கு மேல் ஒரு குழாயில் உயர்த்திக் கட்டினாள். விளக்கு பச்சையானது. கைபேசியில் மூன்று கோடுகள் வந்து நிலையாக நின்றன.

வெண்டல் அதற்குள் சட்டை மாற்றி, தலைக்கு எண்ணெய் தடவி, மேசையில் உட்கார்ந்து நேரலையைத் தொடங்கிவிட்டான். அதே மேசையில்தான் நேற்று கால் நகம் வெட்டினான். வெட்டிய துண்டுகள் இன்னும் ஓரத்தில் கிடந்தன, கைபேசியின் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக.

"வணக்கம் நண்பர்களே. காலைலேருந்து கூரை மேலதான் இருந்தேன். எலி, பல்லி, என்னன்னமோ. ஆனா கேப்டனுக்காக நான் என்ன வேணா செய்வேன். பாருங்க, சிக்னல் எப்படி இருக்கு."

மார்லிஸ் ப்ளீச் நாறும் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அடுப்படியில் கிடந்த அவளுடைய கைபேசி அடித்தது. இந்தப் பாலைவனத்துக்கு வந்தபிறகு அது தானாக அடிப்பது இதுவே முதல் தடவை. லீலண்ட், ஆர்டித்தின் கணவன்.

"எடுத்துட்டியா? நான் சும்மாத்தான் போட்டுப் பாத்தேன்," என்றான் லீலண்ட். குரல் உலர்ந்து போயிருந்தது. "அவகிட்ட பேசுறியா? இல்ல, இன்னும் முடியலன்னா பரவால்ல. நான் கட்டாயப்படுத்தல."

"என்ன முடியல? ஆர்டித்துக்கு என்ன?"

லீலண்ட் குரலைத் தாழ்த்தினான்.

"வெண்டல் உன்கிட்ட சொல்லலியா?"

"எத?"

"காலு, மார்லிஸ். சக்கரையில புண்ணு ஏறிப்போச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆப்பரேஷனுக்கு முன்னாடி உன்கிட்ட பேசணும்னு படுக்கையில கைபேசிய வெச்சிட்டே இருந்தா. நான் வெண்டலக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்றேன்னுதான் சொன்னான். கடைசில, உனக்கு அதெல்லாம் பாக்கிற தெம்பு இல்ல, வரலன்னு நீ சொல்லிட்டதா சொன்னான்."

மார்லிஸ் மேசையைப் பார்த்தாள். வெண்டல் கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, சத்தம் போடாதே என்று அவளுக்கு விரலால் சைகை காட்டினான். அவளுக்குக் கோபம் வருமென்றுதான் அவளே எதிர்பார்த்தாள். வந்தது வேறு. எலிக்கூட்டின் மேல் மூடியைத் திறந்தபோது வந்த அதே அருவருப்பு. இந்த மனிதனின் பக்கத்தில் தூங்கியது, இவன் புகையிலை மென்ற வாய்க்கு நெற்றியைக் காட்டியது, எல்லாமே தோலில் ஒட்டியிருப்பதுபோல் இருந்தது.

"ஆர்டித் முகம் தெரியிற மாதிரி வீடியோவுல கூப்பிடு, லீலண்ட்," என்றாள்.

படம் வந்தது, உடனே உறைந்து நின்றது. வெண்டலின் நேரலை சிக்னல் முழுவதையும் இழுத்துக்கொண்டிருந்தது.

"அத நிறுத்து," என்றாள்.

அவன் புன்னகை மாறாமல் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினான். அவள் போய்த் தாங்கியிலிருந்து அவன் கைபேசியை எடுத்து, நேரலையை நிறுத்தி, அவன் மடியில் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? அவ்வளவு பேரு பாத்துட்டு இருந்தாங்க."

"ஆர்டித் காலு போயிருச்சு."

அவன் முகத்தில் திகைப்பு இல்லை. கணக்குப் போடும் அசைவு மட்டும் தெரிந்தது. "சொல்லியிருந்தா நீ உடனே வண்டிய கெளப்பியிருப்ப. சனிக்கிழம நேரலைன்னு சொல்லியாச்சு. அதுக்கப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். போற காலு எப்படியும் போகத்தான் போகுது. நீ போயி ஒட்டவா வெக்கப்போற?"

"நான் வரலன்னு சொன்னேனா?"

"எதையாவது சொல்லித்தான ஆகணும். லீலண்ட் விடாம நச்சரிச்சான்."

அவள் தன் கைபேசியை எடுத்தாள். அதில் ஆர்டித்தின் முகம் இப்போது அசைந்தது. வீங்கிய கண், சீவாத தலை.

"மார்லிஸ். வந்துட்டியா."

"எனக்குத் தெரியாது, ஆர்டித். இப்பத்தான் தெரியும். அவன் சொல்லவே இல்ல."

"அவன் சொன்னத நான் நம்பிட்டேன்," என்றாள் ஆர்டித். "உனக்கு அருவருப்பா இருக்கும்னு நெனச்சேன். நம்ம அப்பாவுக்குப் புண்ணு வந்தப்ப நீ அந்த ரூமுக்கே வரமாட்டியே. சரி, அவ அப்படித்தான்னு விட்டுட்டேன்."

அது உண்மை என்பதால் மார்லிஸால் மறுக்க முடியவில்லை. "கெளம்பிட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

வண்டியைச் சமமாக நிறுத்தியிருந்த தாங்குகளை ரெனேட்டாவும் அவளும் சேர்ந்து ஏற்றினார்கள். சின்னக் காரை வண்டியிலிருந்து விலக்கி நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டார்கள். வெண்டலின் துணி, சாய்நாற்காலி, புகையிலை டப்பாக்கள் எல்லாவற்றையும் மார்லிஸ் மணலில் இறக்கி வைத்தாள். அவள் விளையாடுகிறாள் என்றே அவன் கடைசிவரை நினைத்தான்.

"நான் எங்க தூங்குறது?"

"கார்ல. இல்ல, உன் நண்பர்கள்ட்ட கேளு."

"வண்டி ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு."

"வக்கீல் வெச்சுக்க. நான் வந்து பேசறேன்."

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது, வெண்டல் கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தான். வண்டியும் பின்னணியில் விழும்படி இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டான். கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

"நண்பர்களே, இன்னிக்கு ரொம்பக் கஷ்டமான நாள்..."

கடைசியாக மிச்சமிருந்த இரக்கமும் அவளுக்கு அங்கேயே தீர்ந்தது. கியரைப் போட்டாள்.

வழியில் இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்தித் தூங்கி, பனி கொட்டிய நெப்ராஸ்காவுக்குள் வந்து சேர்ந்தாள். வெண்டல் நாள்தோறும் அழைத்தான். ஒரு தடவை மட்டும் எடுத்தாள். மனைவி விட்டுப்போன அந்தப் படத்தை இதுவரை இல்லாத அளவுக்கு ஜனங்கள் பார்த்ததாகச் சொன்னான். அவள் திரும்பி வருவதையும் படமாக எடுத்தால் இன்னும் நன்றாக ஓடும் என்றான். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. அவள் வைத்துவிட்டாள். அதன்பிறகு வக்கீல்கள்தான் பேசினார்கள்.

ஆர்டித் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் இரண்டு நாள் அக்காவிடம் ஒட்டுதலாகப் பேசவில்லை. சூப் வைத்தால் குடித்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் கட்டுப்போட வரவேண்டிய நர்ஸ் பனியில் மாட்டிக்கொண்டு தாமதமானாள். லீலண்ட் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தான். காலில் சுற்றிய கட்டுத்துணியில் ஈரம் கசிந்திருந்தது.

"நர்ஸ் வரட்டும்," என்றாள் ஆர்டித், போர்வையை இழுத்து மூடியபடி. "உன்னால முடியாது. எனக்கே பாக்கப் புடிக்கல."

"எடு அந்தப் போர்வைய."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, நர்ஸ் எழுதி ஒட்டியிருந்தபடி மார்லிஸ் கட்டைப் பிரித்தாள். தையல் போட்ட சதை, சிவந்து, தடித்து, மஞ்சளாகக் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. வாசனையும் இருந்தது. அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். வயிறு புரளவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஆர்டித், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

"அசிங்கமா இருக்கு. ஆனா ஆறுது. கொஞ்சம் எரியும், என் கையப் புடிச்சுக்க."

ஆர்டித் கையைப் பிடிக்கவில்லை. அக்காவின் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.