பெட்ரோல் இல்லாமல் ஓட்டிப் பார்த்த வண்டி

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பைக்கில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டுமா? திங்கட்கிழமையிலிருந்து ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் விடியற்காலை ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. தோழியின் வண்டியில் ஓட்டப் பழகிவிட்டாள். சொந்த வண்டி அமையாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அண்ணனையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு பைக் கடைக்கு வந்திருந்தாள். விற்பனையாளர் அண்ணனைப் பார்த்தே பேசினார்.

"நூத்தி இருபத்தஞ்சு சிசி சார். அஞ்சு கியர். முன்னாடி டிஸ்க் பிரேக்கு."

"டாப் ஸ்பீடு?" என்றான் அண்ணன்.

"மொதல்ல மைலேஜைக் கேளுடா," என்றார் மாமா.

"சீட் எவ்வளவு உயரம்?" என்றாள் அவள். தரையில் போன எறும்புக்கு மட்டும் கேட்டிருக்கலாம்.

அண்ணன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பிக்கப் சுமார்தான்," என்றான்.

"உனக்கு ஓட்டத் தெரியல." மாமா சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். வந்தார். இரண்டு பேர் ஏறினால் இழுக்கிறதா என்று பார்க்க, அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மறுபடியும் போனார். அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி காத்திருந்தாள்.

போனவர்கள் நடந்து வந்தார்கள்.

"பெட்ரோல் தீந்துபோச்சு. மேட்டுல நிக்குது," என்றார் மாமா.

"பத்து லிட்டர் டேங்குன்னு சொன்னீங்களே!" அண்ணன் விற்பனையாளர் மேல் பாய்ந்தான்.

"டேங்கு பத்து லிட்டர்தான் சார். நாங்க ஊத்தினது நூறு மில்லி."

"தள்ளிட்டு வந்திருக்கலாமே?" என்றாள் அவள்.

"கடைசியா ஓட்டினவர் தள்ளட்டும்," என்றான் அண்ணன்.

"பாதியைத் தீத்தவன் நீ. நான் ஏன்டா தள்ளணும்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவின் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

மேட்டில் வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. ஏறி நிமிர்த்தினாள். பாரம் ஒரு கணம் ஆட்டிப் பார்த்தது, சமாளித்துக்கொண்டாள். இரண்டு பாதமும் ஊன்றின, குதிகால்கள் மட்டும் கொஞ்சம் அந்தரத்தில். போதும். நியூட்ரலில் இறக்கத்தில் உருண்டாள். பின் பிரேக் பிடித்தது. முன் பிரேக்கும் பிடித்தது. சமதரையில் காலால் உந்தி உந்திக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

"இன்ஜினையே பாக்கலையே நீ?" என்றான் அண்ணன்.

"அதைத்தான் நீங்க ரெண்டு பேரும் தீர்ற வரைக்கும் பாத்துட்டீங்களே. எனக்குக் கால் எட்டுது. இதுதான்."

குரல் கடை முழுக்கக் கேட்டது. விற்பனையாளர் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன கலர் மேடம்?"

"வெள்ளைதான் பளிச்சுனு இருக்கும்," என்று மாமா தொடங்கினார்.

"அழுக்குத் தெரியும் மாமா. கறுப்பு," என்றான் அண்ணன்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்தக் கலர் கிடைக்குமோ, அந்தக் கலர்," என்றாள்.