கோணிப் பூனைகள்

கிடங்கில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: உப்பள மேஸ்திரி ஜானகிராமன், இடுப்பில் சாவிக்கொத்தோடு. மூட்டை தைக்கிற கன்னியம்மா, வெறுங்கையோடு. கடலோரக் குப்பத்து மாயவன், அவன் பெண்சாதி குப்பம்மா, அவர்களுடைய நாலு வயதுப் பெண் வச்சலா. அப்புறம் ஒரு பக்கத்துச் சுவரை முட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் உப்பு.

எழுபத்தாறாம் வருஷத்துக் கார்த்திகை மழை. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கால்வாய் கரையை உடைத்துக்கொண்டது. பாத்தி, வரப்பு, வண்டிப்பாதை எல்லாம் ஒரே தண்ணீர். கிடங்கு மட்டும் மேடு கட்டி எழுப்பியது என்பதால் தப்பியது. கால்வாய்க் கரையில் இருந்த கன்னியம்மாவின் குடிசை அவள் கண்ணெதிரிலேயே சாய்ந்து போயிற்று. புருஷன் செத்து வருஷமாகிறது. திருப்போரூரில் ஒரு தம்பி இருக்கிறான். அவன் பெண்சாதி ஒரு வேளைச் சோற்றுக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். இந்தக் கூரையை விட்டால் கன்னியம்மாவுக்குப் போக்கிடம் கிடையாது. இந்தக் கூரையும் மேஸ்திரி மனசு வைத்துக் கொடுத்தது.

அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தோ பாருங்க. குந்திக்கினு இருங்க, வேணான்னு சொல்லல. ஆனா இங்க கீற எத்தையும் தொடக்கூடாது. புதுக் கோணி ஒன்னு கொறஞ்சாலும் மொதலாளி என் தோல உரிச்சுடுவாரு. தொட்டவங்க யாரா இருந்தாலும் அப்பவே வெளிய. உள்ளாளு வெளியாளுன்னு பாக்கமாட்டேன்."

வெளியாள் என்றது மாயவனை. மாயவன் தலையை ஆட்டினான். அவனும் வீட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்து ஏறியிருந்தான். மிஞ்சியது கிழிந்த வலை ஒன்றும் மடியில் ஒரு கத்தியும்.

லாரி வராததால் மூட்டை போடுகிற வேலை இல்லை. கன்னியம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. காலையில் ஊசியை எடுத்தால் பொழுது சாய்கிறவரை தைத்துப் பழகிய கை. அது சும்மா கிடந்தால் மனசு குடிசைக்குப் போய்விடுகிறது. அடுப்பு, அரிசிப் பானை, கொடியில் காய்ந்த புடவை என்று ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு எடுக்கிறது. போட்டதையே திரும்பப் போடுகிறது. தூக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. அலுப்பு மட்டும்.

மூலையில் எலி கடித்த பழங்கோணிகள் கிடந்தன. எப்படியும் எரிக்கப் போகிறவை. மேஸ்திரியே அவற்றின் மேல்தான் வெற்றிலை துப்புவார். மேஸ்திரி தண்ணீர் நிலவரம் பார்க்க வெளியே போயிருந்த நேரத்தில் கன்னியம்மா கொண்டையிலிருந்து கோணி ஊசியை உருவினாள். நல்ல இடமாகப் பார்த்து ஒரு துண்டு கிழித்து, தரையில் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரப்பை எடுத்தாள். கை தானாக ஒரு மூட்டையைத் தைத்தது. குழந்தை கைக்கு அடங்குகிற மூட்டை. உப்பை அள்ளிக் கொட்டி வாயை மூடினாள். மூட்டையின் வாயைத் தைத்து முடிக்கும்போது இரண்டு மூலையிலும் கொஞ்சம் கோணியைப் பிதுக்கிச் சணலால் இறுக்கிக் கட்டுவது வழக்கம். தூக்குகிறவனுக்குப் பிடி. அதற்குக் காது என்று பேர். இந்த மூட்டைக்கும் வழக்கப்படி இரண்டு காது வந்தது.

"பூன!" என்றாள் வச்சலா. வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

கன்னியம்மா சணலால் மீசை வைத்துக் கொடுத்துவிட்டாள். குழந்தை அதைக் கட்டிக்கொண்டு படுத்தது.

காலையில் குப்பம்மாவின் கூச்சல். "யக்கா! உன் பூன என் பொண்ணு மேல மூத்திரம் போய்ட்டுது!"

மழை ஈரத்தையெல்லாம் குடித்து உப்பு கசிந்திருந்தது. குழந்தையின் சட்டை நனைந்து, நெஞ்சு சிவந்து கிடந்தது. மாயவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உப்புலயே பொறந்து உப்புலயே வளந்தவங்க, உப்பு தண்ணி வுடும்னு தெரியாதா உனுக்கு?"

"மூட்டைன்னா எனுக்கு உப்புதான்டா. வேற எத்த போட்டு தைச்சிருக்கேன்?" என்றாள் கன்னியம்மா. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

மாயவன் தன் வலையை இழுத்து மடியில் போட்டு அறுக்க ஆரம்பித்தான். நூல் வலை. கடலில் ஊறி ஊறிப் பழந்துணிபோல மெத்தென்று ஆகியிருந்தது.

"வலய அறுக்கறியே, புத்தி கீதா உனுக்கு?" என்று குப்பம்மா பாய்ந்தாள்.

"இதுல இனிமே இன்னா மாட்டும்? தவக்களகூட நொழஞ்சி நொழஞ்சி வெள்ளாடும். பூன வயித்துலயாவது கெடக்கட்டும்."

பூனை ஆயிற்று. ஆமை ஆயிற்று. மீன் ஒன்று ஆயிற்று. மாயவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது இன்னா மீனு யக்கா? எங்க கடல்ல இப்டி ஒன்னு இல்லியே."

"உங்க கடல்ல இல்லாங்காட்டி இன்னா? எங்க பாத்தில கீது."

சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. பல்வலிக்காரன் வாயில் கிராம்பு அடக்கிக்கொள்கிற மாதிரி. தைக்கிற நேரத்துக்குக் குடிசை ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

பழங்கோணி தீர்ந்தது. மீதி இருந்தவை தொட்டாலே பொடிந்தன. மேஸ்திரி அன்றைக்கும் விடியுமுன்பே ரோட்டு நிலவரம் பார்க்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போயிருந்தார். கன்னியம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். கதவுக்கு வெளியே தண்ணீர் சத்தம். அடுப்பு, அரிசிப் பானை, புடவை. எழுந்தாள். பச்சைக் கோடு போட்ட புதுக் கோணிக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்யவில்லை. நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் மாயவனின் கத்தியைக் கேட்டு வாங்கினாள்.

"யக்கா, வேணாம். பேஜாராய்டும்" என்றான் அவன்.

"குடுடா."

அது முயல். பச்சைக் கோடு வயிற்றைச் சுற்றி வருகிறாற்போல, தையல் வெளியே தெரியாமல், நெருக்கி நெருக்கித் தைத்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தையல் தைத்ததில்லை.

சாயங்காலம் மேஸ்திரி கட்டுச்சோறும் நல்ல செய்தியுமாக வந்தார். தண்ணீர் வடிகிறது, முழங்காலளவுக்கு வந்துவிட்டது, நாளைக்கு லாரி வரும். பொட்டலத்தைப் பிரித்தவர் வச்சலாவின் கையைப் பார்த்தார். பச்சைக் கோட்டைப் பார்த்தார். சோற்றைக் கீழே வைத்தார்.

யாரையும் அவர் கேட்கவில்லை. மாயவனின் மடியில் செருகியிருந்த கத்தியைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

"எந்திரிடா. பொண்டாட்டி புள்ளய கூட்டிக்கினு கெளம்பு."

"மேஸ்திரி, நான் இல்ல..."

"நீ இல்லாம? வலை பின்ற கை உன்னுதுதான? நல்லாத்தான் பின்னிகிற. கெளம்பு."

மாயவன் கன்னியம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. மீதி வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். குப்பம்மா அழத் தொடங்கினாள். கன்னியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் கூரை நிலைக்கும். லாரி வந்தால் வேலையும் நிலைக்கும். பேசாமல்தான் இருக்க நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள்.

மேஸ்திரி முயலை வாங்கித் திருப்பிப் பார்த்து, "வல பின்றவன் வேல அப்டியே தெரியுது" என்றார்.

"இன்னா தெரியுது?" என்றாள் கன்னியம்மா. குரல் அவளை மீறி வந்தது. "நல்லா பாரு மேஸ்திரி. வல முடிச்சா இது? பத்து வருசமா என் தையல எண்ணி எண்ணி லாரில ஏத்துற. இது யார் கைன்னு தெரியல உனுக்கு?"

மேஸ்திரி முயலின் வயிற்றில் விரலை ஓட்டினார். அவருக்குத் தெரிந்தது.

"வாய மூடிக்கினு இருந்திருக்கலாமில்ல நீ?" என்றார் மெதுவாக.

"இருந்திருக்கலாம்."

"மேஸ்திரி, வுட்டுடு, அது பாவம்" என்று குப்பம்மா காலில் விழப் போனாள்.

"மொத நாளே எல்லாரு எதிர்லயும் சொல்லிகிறேன். இன்னிக்கி முழுங்கிட்டா நாளைக்கி எவன் என் பேச்ச கேப்பான்? அதுக்கு மேல மொதலாளிக்கு நான் பதில் சொல்லணும்." அவர் கன்னியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊசி கம்பெனிது. வெச்சிட்டு போ."

கொண்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. முயலை அவர் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் குழந்தையிடமே நீட்டினார். சோற்றில் ஒரு பொட்டலத்தைக் கன்னியம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லை, பசி இருந்தது.

"கேளம்பாக்கம் பள்ளிக்கூடத்துல ஜனங்கள தங்கவெச்சிகிறாங்களாம். மேக்கால, மேட்டு ஓரமா போ" என்றார்.

தூறல் விட்டிருக்கவில்லை. படி இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, சில்லென்று, சேற்று நாற்றத்தோடு. ஒரு கையில் பொட்டலம். இன்னொரு கை சும்மா இருக்க முடியாமல் முந்தானை நூலைத் திரித்துக்கொண்டிருந்தது. பின்னால் இரட்டைக் கதவு ஒன்றோடொன்று இடித்து மூடியது. உள்ளே சங்கிலி இழுபட்டது. பிறகு பூட்டில் சாவி திரும்பியது.